அத்தானோட அப்லோடு, அத்தையோட வீடியோ கால்: நெட் வேகத்தை நாமளே குறைச்ச அனுபவம்

கும்பகோணத்துல அக்கா வீடு. கீழ அத்தானோட போட்டோ ஸ்டுடியோ, மேல வீடு, ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபைபர் கனெக்‌ஷன், 40 எம்பிபிஎஸ் பிளான். முகூர்த்த நாள் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி அத்தான் கல்யாண வீடியோவும் போட்டோவும் 80, 90 ஜிபி மேல ஏத்துவார், சிலது ஆல்பம் அடிக்கற லேபுக்கு, சிலது பொண்ணு வீட்டுக்காரங்க லிங்க் கேட்டு உயிரை எடுக்கறதுக்கு. அப்லோடு ஆரம்பிச்ச அடுத்த நிமிஷம் மேல வீட்ல எல்லாம் நின்னு போயிடும். அக்காவோட மாமியார், நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன், சிங்கப்பூர்ல இருக்கற மகளோட தினமும் ஒன்பது மணிக்கு வீடியோ கால் பேசுவாங்க. "ஏம்ப்பா, பேரன் மொகம் அப்படியே நிக்குதே, வாய் மட்டும் கேக்குது"ன்னு போனை என்கிட்ட நீட்டினாங்க. ஆடி மாசம், கல்யாணம் கிடையாது, ஸ்டுடியோ ஃப்ரீ. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள்ள இதை சரி பண்ணித் தரேன்னு அத்தான்கிட்ட சொல்லிட்டு உக்காந்தேன். மூணு வாரம் ஆச்சு, அதுல என்னென்ன பண்ணேன், எது வேலை செய்யல, ஏன் செய்யலன்னு எழுதி வைக்கறேன், இதே பிரச்சனை இருக்கற யாருக்காவது ஒரு நாள் மிச்சமாகும்.

முதல்ல அளந்து பாத்தேன். எதுவும் ஓடாதப்ப பிங், அதாவது ஒரு குட்டி டேட்டா துண்டு (பாக்கெட்) போய்ப் பதில் வர்ற நேரம், 7 மில்லி செகண்டு. அத்தான் கம்ப்யூட்டர்ல அப்லோடு போட்டு விட்டு மேல இருந்து பிங் அடிச்சா 600, 650. அப்லோடு வேகம் 38 எம்பிபிஎஸ் வந்துது, அதாவது லைன் நல்லாத்தான் இருக்கு, கம்பெனிக்காரங்க மேல தப்பு இல்ல. 38 எம்பிபிஎஸ்ல (மெகாபிட்) 650 மில்லி செகண்டுன்னா, எட்டு பிட் ஒரு பைட்டுன்னு கணக்கு போட்டா கிட்டத்தட்ட 3 எம்பி (மெகாபைட்). அந்த 3 எம்பி எங்க நிக்குது? ஃபைபர் மோடத்துக்குள்ள. அதுல ஒரே ஒரு வரிசை, முன்னாடி வந்தது முன்னாடி போகும். மளிகைக் கடையில கல்யாண லிஸ்ட்டை நீட்டினவருக்குப் பின்னாடி ஒரு சீயக்காய் பாக்கெட் வாங்க வந்த பையன் நிக்கற மாதிரி, அத்தையோட கால் பாக்கெட் அந்த 3 எம்பிக்குப் பின்னாடி நிக்குது. டவுன்லோடும் சேர்ந்து படுக்கறதுக்கும் காரணம் இதுதான், நாம ஒண்ணை டவுன்லோடு பண்றப்பவும் "வந்துச்சு, வந்துச்சு"ன்னு குட்டி குட்டி பதில் பாக்கெட் இங்கேருந்து மேல போய்க்கிட்டே இருக்கணும், அதுவும் அதே வரிசையில மாட்டிக்கிட்டா அனுப்பறவன் மெதுவாயிடறான். இதுக்கு பஃபர்ப்ளோட்னு பேர், 2010 வாக்குல ஜிம் கெட்டிஸ்ங்கற இன்ஜினியர் தன் வீட்டு லைன்ல இதே மாதிரி அளந்து பாத்து எழுதினதுக்கு அப்புறம்தான் அந்தப் பேர் பரவலாச்சு.

சரி, அப்லோடைக் குறைச்சாப் போச்சுன்னு தோணும். எங்க குறைக்கறதுங்கறதுலதான் விஷயம் இருக்கு. அத்தான் பயன்படுத்தற ஒரு பேக்கப் சாஃப்ட்வேர்ல வேக லிமிட் இருக்கு, ஆனா லேபுக்கு அனுப்பறது பிரவுசர் வழியா, அதுல கிடையாது. லினக்ஸ் கமாண்ட்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி லிமிட் உண்டு, யூனிட்தான் ஆளைக் குழப்பும்: ஆர்சிங்க்ல பிடபிள்யூலிமிட் போட்டா கிலோபைட், எஸ்சிபில மைனஸ் எல் போட்டா கிலோபிட், டபிள்யூகெட்ல லிமிட்-ரேட் போட்டா பைட் கணக்கு. ஆப் ஆப்பா கட்டிட்டு இருந்தா முடியாது. அதனால நெட்வொர்க் கார்டு லெவல்ல போகலாம்னு, முதல்ல ரொம்ப சுலபமான வழி ஒண்ணு, விண்டோஸ்ல அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸ் போய் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்ல 10 எம்பிபிஎஸ்னு வச்சேன். அத்தையோட கால் தெளிவா வந்துது. ஆனா அத்தான் காலையில 64 ஜிபி கார்டை ஸ்டுடியோ ஸ்டோரேஜ் பெட்டிக்கு காப்பி போட்டார், 14 மணி நேரம்னு காட்டுது! கார்டையே 10க்கு இறக்கினா வீட்டுக்குள்ள போற டிராஃபிக்கும் 10தான், வெளிய போறது எது உள்ள போறது எதுன்னு அதுக்குத் தெரியாது. உடனே பழைய மாதிரி மாத்திட்டேன். போதாததுக்கு பார்ட் டைமா எடிட் பண்ண வர்ற தம்பியோட லேப்டாப்பும் அப்லோடு பண்ணும், ஒவ்வொரு மிஷினாப் போய் கட்ட முடியாது.

ஆக, மோடத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு லினக்ஸ் பெட்டி வைக்கறதுன்னு முடிவு. பரண்ல ஒரு பழைய டூயல் கோர் டெஸ்க்டாப் கிடந்துது, 2 ஜிபி ரேம், இதுக்கு அது தாராளம். போர்டுல ஒரு நெட்வொர்க் போர்ட் இருக்கு, இன்னொண்ணு வேணும், மெட்ராஸ் போனப்ப ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு செகண்ட் ஹேண்ட் இன்டெல் கார்டு வாங்கிட்டு வந்தேன். டெபியன் 12 (ஒரு லினக்ஸ்) போட்டு ரெண்டு போர்ட்டையும் பிரிட்ஜா கட்டினேன், ஒரு பக்கம் வர்றதை அப்படியே மறுபக்கம் கடத்தி விடற மாதிரி. ரவுட்டரா கட்டல, வேணும்னேதான். பிரிட்ஜுன்னா வீட்ல யாருக்கும் ஐபி மாறாது, மோடம் கொடுக்கற ஐபியே எல்லாருக்கும் போகும், ஐபிவி6ம், அதாவது புது வகை ஐபி அட்ரஸும், அப்படியே கடந்து போகும், பெட்டியில பிரச்சனைன்னா ரெண்டு கேபிளை ஒண்ணா சேர்த்துட்டா நெட் ஓடும், நான் ஊர்ல இல்லாதப்ப அக்காவே பண்ணிக்கலாம். இன்னொரு பெரிய சௌகரியம் இருக்கு. லினக்ஸ்ல ஒரு இன்டர்ஃபேஸ்ல இருந்து வெளிய போற பாக்கெட்டைத்தான் வரிசை கட்டி நிறுத்த முடியும், உள்ள வர்றதை நிறுத்த முடியாது, தூக்கிப் போட மட்டும்தான் முடியும். ஒரே போர்ட் இருந்தா டவுன்லோடுக்கு ஐஎஃப்பின்னு ஒரு பொய் இன்டர்ஃபேஸ் உண்டாக்கி அதுல திருப்பி விடணும். ரெண்டு போர்ட் இருந்தா அந்த வேலையே இல்ல, அப்லோடு ஒரு போர்ட் வழியா வெளிய போகுது, டவுன்லோடு இன்னொரு போர்ட் வழியா வெளிய போகுது, ரெண்டையும் நேரடியா கட்டலாம்.

கார்டு சொருகினதும் போர்டுல இருந்த போர்ட்டோட பேர் மாறிடுச்சு, முன்னாடி ரெண்டுன்னு இருந்தது மூணாயிடுச்சு, நான் எழுதி வச்ச பிரிட்ஜ் கான்ஃபிக் தப்பான போர்ட்டைப் பிடிச்சு ஒரு மணி நேரம் போச்சு. அதனால மேக் அட்ரஸை (கார்டோட அடையாள எண்) வச்சு சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸை எல்லாம் ஆரம்பிச்சு வைக்கறது) லிங்க் ஃபைல்ல நிரந்தரமா பேர் வச்சுட்டேன், மோடம் பக்கம் இருக்கறது "வெளி", வீட்டுப் பக்கம் இருக்கறது "உள்", இங்கிலீஷ் எழுத்துலதான். இனிமே எந்த ஸ்லாட்ல மாத்தினாலும் பேர் மாறாது. இதை முதல் நாளே பண்ணிடுங்க.

வேகம் கட்டறதுக்கு டிசிங்கற கமாண்ட், ஐபிரூட்2 பேக்கேஜோட வரும், டெபியன்ல ஏற்கெனவே இருக்கும். ஆரம்பத்துல டிபிஎஃப் போட்டேன், டோக்கன் பக்கெட் ஃபில்டர். ஒரு வாளி, அதுல டோக்கன் ஒரு குறிப்பிட்ட வேகத்துல சொட்டிக்கிட்டே இருக்கும், ஒரு பாக்கெட் வெளிய போகணும்னா அதோட சைஸுக்கு டோக்கன் கொடுக்கணும், டோக்கன் இல்லன்னா நிக்கணும், அவ்வளவுதான். நான் அடிச்ச வரி (க்யூடிஸ்க்னா ஒரு போர்ட்ல பாக்கெட்டை வரிசை கட்டற விதி): டிசி க்யூடிஸ்க் ஆட் டெவ் வெளி ரூட் டிபிஎஃப் ரேட் 34எம்பிபிஎஸ் பர்ஸ்ட் 32கேபி லேட்டன்ஸி 400எம்எஸ். எரர் எதுவும் வரல. அப்லோடு போட்டுப் பாத்தா அதே 38, அதே 650. அரை நாள் கேபிளைச் சந்தேகப்பட்டேன், பிரிட்ஜைச் சந்தேகப்பட்டேன். கடைசில டிசி மைனஸ் எஸ் க்யூடிஸ்க் ஷோ அடிச்சு நிதானமா படிச்சா, ரேட் 272எம்பிட்னு நிக்குது. ஊரு பூரா எம்பிபிஎஸ்னா மெகாபிட், டிசிக்கு மட்டும் எம்பிபிஎஸ்னா மெகாபைட்! 34ஐ எட்டால பெருக்கி 272 ஆக்கி வச்சிருக்கு. மெகாபிட் வேணும்னா எம்பிட்னு எழுதணும். எழுதின கட்டளையை நம்பாம, அது என்ன புரிஞ்சுக்கிச்சுன்னு ஷோ போட்டுப் பாக்கணும்னு அன்னிக்கே பழக்கம் பண்ணிக்கிட்டேன்.

34எம்பிட்னு திருத்தினதும் வேகம் சரியா 34ல நின்னுது. பிங் பாத்தா 400. குறைஞ்சிருக்கு, ஆனா 400! கொஞ்ச நேரம் ஒண்ணும் புரியல, அப்புறம்தான் வரியைத் திரும்பப் படிச்சேன், லேட்டன்ஸி 400எம்எஸ்னு நானேதான் எழுதியிருக்கேன், ஒரு உதாரணத்துல இருந்து அப்படியே எடுத்தது. ஒரு பாக்கெட் வரிசையில அதிகபட்சம் எவ்வளவு நேரம் நிக்கலாம்ங்கறது அது. அப்லோடு அந்த இடம் பூராவையும் நிரப்பிக்குது, அத்தையோட பாக்கெட் அதுக்குப் பின்னாடி. அதாவது மோடத்துல இருந்த வரிசையை என் பெட்டிக்கு இடம் மாத்தியிருக்கேனே தவிர வரிசை அதே வரிசைதான். ஆனா இடம் மாறினதே பெரிய விஷயம்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. லைனோட வேகத்தை விட கொஞ்சம் கம்மியா நாம கட்டினா மோடத்துக்குள்ள எதுவும் தேங்காது, தேங்கறது பூரா நம்ம பெட்டியில தேங்கும், மோடம் வரிசையை நம்மால தொட முடியாது, நம்ம பெட்டி வரிசையை நம்ம இஷ்டத்துக்கு ஒழுங்கு பண்ணலாம். அந்த 4 எம்பிபிஎஸை விட்டுக் கொடுக்கறது இதுக்குத்தான். லேட்டன்ஸியை 20எம்எஸ்னு குறைச்சும் பாத்தேன், பிங் இறங்கிடுச்சு, ஆனா தூரத்து சர்வருக்கு அப்லோடு வேகம் 34 போகாம 26, 29னு ஆட ஆரம்பிச்சுது. ஒரே வரிசையை வச்சுக்கிட்டு ரெண்டு பேரையும் திருப்திப்படுத்த முடியாது.

அடுத்து ஹெச்டிபி, டிபிஎஃப் மாதிரியே இன்னொரு க்யூடிஸ்க். இதுல கிளாஸ் கிளாஸாப் பிரிக்கலாம். ஸ்டுடியோ மிஷின் ஐபியில இருந்து வர்றது ஒரு கிளாஸ், 24எம்பிட் உறுதி, மத்தவங்க சும்மா இருந்தா 34 வரைக்கும் போகலாம். வீட்டு ஐபிக்கெல்லாம் இன்னொரு கிளாஸ், 10எம்பிட் உறுதி, முன்னுரிமை. பகல்ல ஒரு வாடகை சர்வருக்கு ஐபெர்ஃப்னு வேகம் அளக்கற புரோகிராம் போட்டு சோதிச்சேன், கச்சிதம், பிங் 12. அத்தான்கிட்ட போன் பண்ணி முடிஞ்சுதுன்னு சொன்னேன். ராத்திரி அவர் நிஜ அப்லோடு போட்டார், பிங் மறுபடி 650, வேகம் 38. எனக்கு நம்பவே முடியல. டிசி மைனஸ் எஸ் கிளாஸ் ஷோ அடிச்சா ரெண்டு கிளாஸ்லயும் சேர்த்து சில எம்பிதான் போயிருக்கு, ஆனா அப்லோடு ஜிபி கணக்குல ஓடிக்கிட்டு இருக்கு. அப்ப மிச்சம் எந்த வழியா போகுது? க்யூடிஸ்க் ஷோவுல ஓரமா டைரக்ட்-பாக்கெட்ஸ்-ஸ்டாட்னு ஒரு எண் இருக்கும், அது நான் பாக்கப் பாக்க ஏறிக்கிட்டே இருந்துது. எந்த கிளாஸ்லயும் சேராம நேரா வெளிய போன பாக்கெட் எண்ணிக்கை அது. காரணம் என்னன்னா, நான் எழுதின ஃபில்டர்ல ப்ரோட்டோகால் ஐபின்னு இருந்துது. அது பழைய வகை ஐபிவி4ஐ மட்டும்தான் பிடிக்கும். பகல்ல சோதிச்ச வாடகை சர்வர் ஐபிவி4, ராத்திரி அப்லோடு போற சைட் ஐபிவி6, ரெண்டும் இருந்தா பிரவுசர் பெரும்பாலும் ஐபிவி6ஐத்தான் எடுக்கும். ஹெச்டிபில டிஃபால்ட் கிளாஸ் எதுன்னு சொல்லலன்னா, எதுலயும் சேராத பாக்கெட்டை எந்தக் கட்டுப்பாடும் இல்லாம முழு வேகத்துல விட்டுடும். யூடியூப்பும் ஐபிவி6லதான் போகுது, ஆக வீட்டு டிராஃபிக்ல பாதிக்கு மேல என் கட்டுக்குள்ளயே வரல. இப்ப ஜியோ, ஏர்டெல் எல்லாத்துலயும் ஐபிவி6 சகஜமாயிடுச்சு, ஆனா கைக்குக் கிடைக்கற பழைய ஸ்கிரிப்ட்ல பெரும்பாலும் ஐபிவி4 ஃபில்டர் மட்டும்தான் இருக்கு. அதை எடுத்து ஒட்டறவங்க ப்ரோட்டோகால் ஆல் போட்டு மேட்ச்ஆல் வச்சுடுங்க, டிஃபால்ட் கிளாஸை மறக்காம எழுதுங்க.

ஹெச்டிபியை திருத்தி ஓட்டியிருக்கலாம். ஆனா ஐபிவி6ல ஒரே போனுக்கு நாலஞ்சு அட்ரஸ், அதுவும் மாறிக்கிட்டே இருக்கும், யார் ஸ்டுடியோ யார் வீடுன்னு ஐபியை வச்சுப் பிரிக்கறது நாய் வாலை நிமுத்தற வேலை. அங்கதான் கேக் பக்கம் வந்தேன். கேக்னு ஒரு க்யூடிஸ்க், 2018ல கெர்னல் 4.19ல சேர்ந்துது. அதுக்கு முன்னாடி 2012லயே எஃப்க்யூ-கோடல் வந்துடுச்சு, கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கண்டுபிடிச்ச கோடல்தான் அதுக்கு அடிப்படை: வரிசை எவ்வளவு நீளம்னு பாக்காது, ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு பாக்கும், 5 மில்லி செகண்டுக்கு மேல தொடர்ந்து நின்னா ஒண்ணைத் தூக்கிப் போட்டு அனுப்பறவனுக்கு "மெதுவா வா"ன்னு சொல்லும். கேக் அதோட வேகக் கட்டுப்பாட்டையும், ஆளுக்கு ஆள் சமமாப் பிரிக்கறதையும் ஒண்ணா சேர்த்துடுச்சு. இதுக்காக வருஷக்கணக்கா உழைச்சவர்ல முக்கியமானவர் டேவ் டாட், 2025 ஏப்ரல்ல காலமாயிட்டார். கும்பகோணத்துல ஒரு பாட்டி பேரன் மொகம் உறைஞ்சு நிக்காம பாக்கறாங்கன்னா அதுல அந்த மனுஷனோட உழைப்பு இருக்கு, அதை இங்க சொல்லாம போக எனக்கு மனசு வரல.

கேக்குக்கு மொத்தம் ரெண்டே வரி. ஒண்ணு, டிசி க்யூடிஸ்க் ரீப்ளேஸ் டெவ் வெளி ரூட் கேக் பேண்ட்வித் 34எம்பிட் டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட் ஓவர்ஹெட் 44. இன்னொண்ணு, டெவ் உள் ரூட் கேக் பேண்ட்வித் 34எம்பிட் டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட் இன்க்ரெஸ் ஓவர்ஹெட் 44. ஓவர்ஹெட்னு வர்றது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் லைன்ல கூடுதலாப் பிடிக்கற பைட்டுக்கான கணக்கு. டூயல்னு வர்றது ஆளுக்கு ஆள் பங்கு பிரிக்கறதுக்கு, அத்தான் மிஷின் இருபது கனெக்‌ஷன் திறந்தாலும் ஒரு ஆள் கணக்குதான், அத்தை போன் ஒரு கனெக்‌ஷன் வச்சிருந்தாலும் ஒரு ஆள் கணக்குதான். ரவுட்டரா கட்டியிருந்தா நாட்னு ஒரு வார்த்தை சேர்க்கணும், இல்லன்னா வெளிப் பக்கத்துல எல்லாரும் ஒரே ஐபியாத் தெரிவாங்க. பிரிட்ஜுங்கறதால எனக்கு அது தேவைப்படல. டவுன்லோடு பக்கம் இன்க்ரெஸ்னு போட்டது, அங்க நெரிசல் நமக்கு முன்னாடியே கம்பெனிப் பக்கத்துல நடந்துடும், லைனைக் கடந்து வந்துட்ட பாக்கெட்டை நாம தூக்கிப் போட்டாலும் அது லைன்ல இடம் பிடிச்சதுதான், அதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணச் சொல்றது அது.

அப்லோடு முழுசா ஓடறப்ப பிங் 9ல இருந்து 12 மில்லி செகண்டு. 90 ஜிபி ஏத்த முன்னாடி அஞ்சேகால் மணி நேரம் ஆச்சுன்னா இப்ப கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அத்தான் அதுக்கு ஒண்ணும் சொல்லல, "ராத்திரி போட்டா காலையில இருக்கும்ல, அது போதும்ப்பா"ன்னார்.

இதுக்கு அப்புறமும் மூணு இடத்துல இடிச்சுது. மேல அக்காவோட போன் மட்டும் அப்பப்ப தடுமாறுச்சு, பாத்தா அது இன்னும் மோடத்தோட பழைய வைஃபைல இருக்கு, அந்த வழியா போறது என் பெட்டியைத் தொடாமலே போயிடும், கணக்குலயும் வராது. மோடத்துல வைஃபையை அணைச்சுட்டு, பெட்டிக்குப் பின்னாடி இருக்கற ஆக்சஸ் பாயிண்டுக்கு அதே பேரையும் பாஸ்வேர்டையும் வச்சேன், யாரும் எதையும் மாத்த வேண்டியிருக்கல. ரெண்டாவது, ஒரு சாயங்காலம் கரண்ட் போய் வந்துது, டிசி போட்டதெல்லாம் ரீபூட் ஆனா காணாமப் போயிடும். சிஸ்டம்டி சர்வீஸ் எழுதினேன், ஒன்ஷாட் வகை, ஆனா போர்ட் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே சர்வீஸ் ஓடி ஃபெயில் ஆயிடுச்சு, அந்த டிவைஸ் யூனிட்டுக்கு அப்புறம்தான் ஓடணும்னு பைண்ட்ஸ்டூ, ஆஃப்டர் ரெண்டுலயும் எழுதினதும் சரியாச்சு. பயாஸ்ல கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகற மாதிரியும் வச்சுடணும், இல்லன்னா பெட்டி படுத்தே கிடக்கும், பிரிட்ஜுங்கறதால வீட்டுக்கே நெட் இருக்காது. மூணாவது, மெட்ராஸ்ல இருந்து எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துல இருந்து கமாண்ட் அடிக்கற வழி) பெட்டிக்குள்ள போய் மாத்தறப்ப எம்பிட்டுக்குப் பதிலா கேபிட்னு அடிச்சுட்டேன், 34 கிலோபிட்ல வீடே நின்னு போச்சு, எனக்கும் உள்ள போக வழியில்ல, அக்காவை எழுப்பி பெட்டியை அணைச்சுப் போடச் சொன்னேன். இப்பல்லாம் தூரத்துல இருந்து தொடறதுக்கு முன்னாடி, பின்னணியில ஸ்லீப் 180 போட்டு அதுக்கப்புறம் நல்லா ஓடற பழைய வரியையே திரும்பப் போடற மாதிரி ஒண்ணை ஓட விட்டுட்டுத்தான் ஆரம்பிக்கறது, எல்லாம் சரியா இருந்தா அதைக் கொன்னுடுவேன்.

ஆவணி முதல் முகூர்த்தம் முடிஞ்ச ராத்திரி நான் அங்கேயேதான் இருந்தேன். எட்டு மணிக்கு அப்லோடு ஆரம்பிச்சுது, ஒன்பதுக்கு அத்தை கால். பத்து நிமிஷம் நல்லாப் போச்சு, அப்புறம் லேசா திக்குச்சு. பிங் 90, 110. அந்த நேரத்துல லைனே 38ல இருந்து 31க்கு இறங்கியிருக்கு, ராத்திரி தெருவுல எல்லாரும் பாக்கற நேரம். லைன் 31, என் கட்டு 34, வரிசை மறுபடி மோடத்துக்குப் போயிடுச்சு. அங்கேயே உக்காந்து டிசி க்யூடிஸ்க் சேஞ்ச் போட்டு 28எம்பிட் ஆக்கினேன், சேஞ்ச்னு போட்டா ஓடிக்கிட்டு இருக்கற கனெக்‌ஷன் எதுவும் அறுபடாது, ரெண்டு செகண்ட்ல பிங் 11க்கு வந்துது, கால் கட்டாகவே இல்ல. இப்ப கிரான்ல, அதாவது நேரம் பாத்து தானா கமாண்ட் ஓட்டறதுல, ரெண்டு வரி, சாயங்காலம் ஏழு மணிக்கு 28, ராத்திரி பதினொண்ணரைக்கு திரும்ப 34. லைன் வேகத்தைப் பாத்து தானே ஏத்தி இறக்கற கேக்-ஆட்டோரேட்டுன்னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு, ஐப்பசி முகூர்த்தத்துக்கு முன்னாடி அதைப் போட்டுப் பாக்கணும். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து பாத்தப்ப 87 ஜிபி முழுசாப் போயிருந்துது, அத்தான் லேபுக்கு மெசேஜ் போட்டுட்டு டீ போடப் போயிட்டார்.